அரைப்பேர்

ஆய்வுகூடத்துத் தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு.
மூச்சு பட்டால் எண் நடுங்கும்.
சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு
நான்காம் தசமம் அசையாமல் நிற்கும்வரை
பார்த்திருப்போம், நானும் நிலூக்ஷியும்.

பூண்டுலோயாவில் மடுவத்துத் தராசுக்குக்
கதவில்லை. கொக்கி உண்டு.
சாக்கை மாட்டியதும்
முள் ஓடும், திரும்பும், மறுபடி ஓடும்;
அது நிற்குமுன்பே கணக்கப்பிள்ளை
"பதினாறு" என்றுவிடுவார்.
தண்ணிக்கு மூன்று கிலோ கழிவு.
மழைக்கும் மூன்று.
வெயிலுக்கும் மூன்று.

என் ஆய்வுத் தலைப்பு நீளமானது:
தளிரின் மேற்பரப்பு ஈரமும் வாட்டும் நேரமும்.
தொழிற்சாலையின் விறகுச் செலவு குறையும் என்று
நிதி கேட்ட படிவத்தில் எழுதியிருந்தோம்.
அறுபத்துநாலு மாதிரி. ஏழாம் நம்பர் மலை.
காலில் அட்டை ஏற, கூடைக்கு ஒரு பிடி;
நிறுத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி,
மறுபடி நிறுத்து,
நூற்றைந்து பாகையில் உலரவிட்டு,
மறுபடி அந்தக் கண்ணாடிக் கதவு.

"இலையைச் சுட்டு என்னம்மா பார்க்கிறீங்க?"
பவளாயி அக்கா கேட்டார்.
தண்ணி எவ்வளவு என்று, என்றேன்.
"அதைத்தான் கணக்கப்பிள்ளை
கண்ணாலேயே பார்த்துடுறாரே."
நிரையில் எல்லாரும் சிரித்தார்கள்.
நான் குறிப்பேட்டை மூடவில்லை.

அடைமழை நாளில், இருபது கிலோவுக்கு,
ஒன்று தசம் ஒன்பது.
வெயில் நாளில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

கலாநிதி தென்னக்கோன் நல்லவர்.
சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடினார்.
"இது நம் கேள்வி இல்லையே."
ஜன்னலுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓய்ந்த பிறகு,
"பின்னிணைப்பில் போடு. எடுத்துவிடாதே."

போட்டேன்.
தராசு சொன்னது ஒரு நிரல்,
துண்டில் எழுதியது ஒரு நிரல்,
வித்தியாசம் ஒரு நிரல்.
நிரலின் தலையில் அலகு எழுத வேண்டும்.
கிலோ என்று எழுதி அழித்தேன்.
பதினெட்டுக் கிலோ எட்டினால் பேர்;
எட்டாவிட்டால் அரைப்பேர்.
அந்த ஆகஸ்டில் இருபத்துமூன்று அரைப்பேர்
என் கணக்கில் முழுப்பேர்.
அலகு: பேர்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர்
கண்ணாடியை இறக்கிக்கொண்டு
அந்தப் பக்கத்தில்தான் நின்றார்.
"இப்படி ஓர் அலகை நான் படித்ததில்லை."

ஒரு நாள் சம்பளம், சேர், என்றேன்.
அது பாதி விடை.
மீதியை ஆங்கிலத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
அட்டவணையை என் பக்கம் திருப்பி
ஒரு வரியை வாசித்தேன்:
மாதிரி நாற்பத்தொன்று. வெயில்.
தராசில் பத்தொன்பது தசம் பூச்சியம் இரண்டு.
துண்டில் பதினாறு.
பவளாயி.