முப்பத்தி நாலு புள்ளி ஆறு

பணகுடி விலக்கில், டயர்க்கடைக்குப் பின்னால்,
ஜெபசீலி கார் சவுண்ட்ஸ். ஜெபசீலி நான்தான்.
ஆடிக்காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும்,
அதைக் குறைக்கத் திருகு இல்லை.

பத்து மணிக்கே ஸ்கார்ப்பியோவைப் பின்பக்கமாக நுழைத்தார்
சுடலைக்கண்ணு. கல்குவாரியில் வெடி வைக்கிறவர்.
"பன்னெண்டு இஞ்சு ஊஃபர். வள்ளியூர்ல மாட்டினேன்.
எல்லாத்தையும் ஃபுல்லாத்தான் வச்சுத் தந்தான்.
ஆனா பிசிறடிக்கு. ஒரு வாசமும் வருது."

டிக்கியைத் திறந்ததும் எனக்கும் வந்தது அந்த வாசம்:
காயில் வார்னிஷ் சூடேறி, இன்னும் கருகாத பக்குவம்.
ஆம்பின் முதுகில் திருகு மூன்றும்
வலது கோடியில் முட்டிக்கொண்டு நின்றன.

"கெயின்னா சத்தம் இல்லண்ணாச்சி.
முன்னாடி டெக்கு எவ்வளவு அனுப்புதோ
அந்த அளவுக்கு இது செவி குடுக்கணும். அம்புட்டுதான்."
"எதைக் குடுக்கணும்?"
என்று இடது பக்கத்தைக் காட்டினார்.
வலது காது பதினாறு வருடத்துக்கு முன்னால்
தாமதமாக வெடித்த ஒரு திரியோடு போய்விட்டது.

பாஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன்.
கெயினை அடியோடு இறக்கினேன்.
ஊஃபர் கம்பியைக் கழற்றினேன்.
"கழத்திட்டா எப்படிக் கேக்கும்?"
"கேக்க வேண்டாம். காது பொய் சொல்லும்,
நல்ல காதும்."

டயர்க்கடை ரசீதின் பின்புறம் கணக்கு:
ஆம்ப் முந்நூறு வாட், ஊஃபர் நாலு ஓம்,
பெருக்கினால் ஆயிரத்து இருநூறு.
அதன் வர்க்கமூலம் முப்பத்தி நாலு புள்ளி ஆறு வோல்ட்.
எட்டாம் வகுப்பில் வர்க்கமூலத்துக்கு
வாசலில் முட்டி போட்டவள் நான்.

டெக்கில் நாற்பதுக்கு முப்பது வைத்து
ஐம்பது ஹெர்ட்ஸ் ஒற்றை ஓசையை ஓடவிட்டேன்,
வீட்டு மின்சாரம் துடிக்கிற அதே எண்ணிக்கை.
வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.
மீட்டரில் மட்டும் பன்னிரண்டு, பத்தொன்பது,
இருபத்தி ஏழு, முப்பத்தி நாலு.
ஒரு நூல் தள்ளினேன். புள்ளி ஆறு.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.
எல்லாரும் சொல்வதுதான்.
உள்ளங்கை அகல ஸ்கோப்பை மாட்டி அவர் முன் நீட்டினேன்.
அலை ஓடியது: மேடு, பள்ளம், மேடு,
மழிக்காத உருண்டைத் தலைகள்.
"இப்ப நீரே திருகும்."

திருகினார். மேடு வளர்ந்தது. வளர்ந்து ஓரிடத்தில்
உச்சி சப்பையானது,
மேசையில் வெட்டி வைத்த மாதிரி.
"அந்தத் தட்டையிலதான் காயில் நின்னு வேகுது," என்றேன்.
அவர் என்னைக் கவனிக்கவில்லை.

"இது எங்க கழுகுப்பொத்தைல்லா," என்றார்.
"மேல் பாதி எடுத்தாச்சு. ஒன்பது மாசம்.
மொத குழி நான்தான் போட்டேன்."

திருகைப் பின்னால் திருப்பினார்.
உச்சி மெல்ல உருண்டது.
முன்னால். சப்பை.
பின்னால். முளைத்தது.
நாலைந்து முறை இருக்கும்.
நான் மணி பார்க்கவில்லை, டயர்க்கடைப் பையன்
டீ வைத்துவிட்டுப் போனதையும் பார்க்கவில்லை.
கடைசியில் உருண்டைத் தலையில் நிறுத்தி
திருப்புளியை என்னிடம் கொடுத்தார்,
சூடான எதையோ கொடுப்பதுபோல்.

மீட்டர் சரிபார்த்தேன். முப்பத்தி நாலு புள்ளி நாலு.
போதும். கம்பியை மாட்டிப் பாட்டை விட்டேன்.
பிசிறு இல்லை. நம்பர் பிளேட் மட்டும் நடுங்கியது,
அதற்குத் துண்டு ரப்பர் வைத்தேன், தனிக்காசு வாங்கவில்லை.
கதவில் உள்ளங்கையை வைத்து நின்றார்.
"சத்தம் கொறஞ்சிருக்கோ?"
"பிசிறு போனா அப்படித்தான் தெரியும்."

ஐந்நூறு கேட்டேன். நானூறைக் கொடுத்துவிட்டு
மிச்சத்தைச் சட்டைப்பையில் தேடும்போது
தெற்கே வெடித்தது. மதிய வெடி.
ஷெட் தகரம் முழுக்க ஒருமுறை அதிர்ந்து
டீயில் வட்டம் போட்டது.

அவர் திரும்பவில்லை. காலால்தான் கேட்டிருக்கிறார்.
"மருந்து கூடிட்டு," என்றார்,
நூறு ரூபாயை நீட்டியபடி.