ஏழாவது ஷரத்து

கலெக்டர் ஆபீஸ் எதிரே என் ஜெராக்ஸ் கடையில்
மெஷினுக்குப் பின்னால் நான்கு கிடந்தன.
சூடு தேடி வந்து குட்டி போட்டிருக்கிறாள்
வாலறுந்த சாம்பல்காரி.
செவ்வாய்க்கிழமை மூன்றைக் கவ்விப் போனாள்.
நான்காவதுக்கு வரவில்லை.

ஷட்டரை ஒரு சாண் தூக்கி வைத்து
இரண்டு ராத்திரி காத்திருந்தேன்.
மாட்டுத்தாவணி பஸ்கள்தான் வந்து வந்து போயின.
மூன்றாம் நாள், தாள் வந்த அட்டைப்பெட்டியில்
துண்டு விரித்து அரசரடிக்குத் தூக்கிப்போனேன்.
ஆட்டோ நெடுகச் சீறிக்கொண்டே வந்தது,
எலுமிச்சம்பழ அளவு கோபம்.

வாடகை ஒப்பந்தம் நானே டைப் அடித்தது.
ஏழாவது ஷரத்து:
மேற்படி வீட்டில் பிராணிகள் ஏதும் வளர்க்கக் கூடாது.
மேற்படி என்று போட்டால்
ஹவுஸ் ஓனர் சோணைமுத்துவுக்குப் பிடிக்கும்.

முதலில் மாட்டுப்பால் கொடுத்துத் தப்பு செய்தேன்.
பீச்சியது. ஒரே நாளில் பாதியானது.
தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரியில்
ஆடுகளுக்கு நடுவே பெட்டியோடு நின்றேன்.
"பவுடர் பால், ரெண்டு மணிக்கொரு தரம்.
குடிச்சதும் ஈரப் பஞ்சால பின்னாடி தொடைக்கணும்,
தாய் நக்குற மாதிரி.
இல்லேன்னா ஒண்ணுக்குப் போகாது."

நாற்பத்தொரு வயதில்
எவருக்கும் செய்ய வாய்க்காததை
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே குந்தி
அதற்குச் செய்தேன்.
பல் முளைத்த வாரம்
கட்டைவிரலைக் கடித்தது.
குருணை அளவுப் பல்; ரத்தம் மட்டும் ஆள் அளவு.

பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போடும் நர்ஸ் கேட்டாள்:
"வளர்ப்பா, தெருவா?"
தகப்பன் பெயர், வருமானம், வில்லங்கம், கைநாட்டு என்று
நாள் முழுக்க அடுத்தவர் படிவங்களை நிரப்புகிறவள் நான்.
கோடிட்ட இடத்தில் இதுவரை தடுமாறியதில்லை.
"தெரு" என்றேன்.
"தெருப் பூனை வாய்க்குள்ள விரல் எப்படிம்மா போச்சு?"
பின்னால் வரிசை நெளிந்தது.

மூன்றாம் நாள் ஊசி, ஏழாம் நாள் ஊசி.
பீரோவடியில் நீலமாக இருந்த இரண்டு பொட்டு
பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது.
நெல்பேட்டை நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து
முள் பார்த்து வைத்துவிட்டு
விளக்கணைத்துப் படுத்தால்
தட்டு நகரும் சத்தம் கேட்கும்.
நான் புரண்டால் நின்றுவிடும்.
புரளாமல் படுக்கப் பழகினேன்.

சிவகாசி அச்சகத்தில் பிழை பார்க்கிற தம்பி அந்தோணிதாஸ்
போனில் கேட்டான்:
"என்னக்கா, பூனை வளர்க்கிறியாமே?"
வளர்க்கிறதெல்லாம் இல்லை, அது வளர்கிறது என்றேன்.
"ஒரு க் தானே வித்தியாசம், போட்டுரவா?"
வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி சோணைமுத்து வந்தார்.
வாசலில் நின்று எச்சில் தொட்டு நோட்டை எண்ணும்போது
பீரோவடியிலிருந்து வெளியே வந்தது.
எனக்கும் அவருக்கும் நடுவே
முதுகைத் தூக்கி, வாலைத்
தென்னம்பூப் போல விரித்துச்
சீறியது.
முதல் தடவையாக என்னைப் பார்த்து இல்லை.

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.
கீழேயும் பார்க்கவில்லை.
"எலித் தொல்லை உண்டா?"
"இப்ப இல்லைங்க."
"ம்."
ஒரு ஐநூறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தித் திரும்பினேன்.
அதே முதுகு, அதே வால்.
இப்போது என்னைப் பார்த்து.

நாளைக்கு இருபத்தெட்டாம் நாள், கடைசி ஊசி.
நர்ஸ் மறுபடி கேட்கமாட்டாள்,
சீட்டில்தான் எழுதியாயிற்றே.
கேட்டால் தேவலை.