மற்றும்

சங்கத்துப் பெயர்ப்பலகையில்
உதிராமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.
தம்புச் செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
கடற்காற்று இரு புறமும் தின்றுவிட்டது.
'தோட்டப்பயிர் விளைவிப்போர்' பாதி,
'ஏற்றுமதியாளர்' முக்கால்.
நடுவில் 'மற்றும்'.
என் வேலையும் அதுதான்.

மனு எழுதுகிறவள் நான்.
பொருள், பார்வை, ஐயா,
மேற்படி விஷயம் தங்கள் மேலான கவனத்துக்கு.
பதினோரு வருஷமாக
இந்த வார்த்தைகளுக்குள் காய்கறி அடைக்கிறேன்,
முருங்கையை ஒடியாமல்,
கறிவேப்பிலையைக் கசங்காமல்,
சின்ன வெங்காயத்தை, முடிந்தவரை, அழாமல்.

அந்த வைகாசியில் வாழை.

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக வாசலைப் பார்த்து நின்றது வரிசை.
நாற்பதடிக் குளிர்ப்பெட்டி.
உள்ளே பதிமூன்று டிகிரி இருக்கணும்.
முதல் ராத்திரி இருந்தது.
இரண்டாம் ராத்திரி ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.
டிரைவர் கன்னியப்பன் கேனைத் தூக்கிக்கொண்டு
பங்க் தேடித் தண்டையார்பேட்டைக்குள் நடந்தார்.
திரும்பி வந்தால் வரிசை நகர்ந்திருக்கிறது,
அவர் வண்டிக்கு முன்னால் மட்டும் அரை மைல் வெற்றுச் சாலை,
பின்னால் அத்தனை ஹாரனும் அவர் அம்மாவை விசாரித்தபடி.
பதினெட்டு. இருபத்தொன்று. இருபத்தாறு.
பச்சையாகக் கப்பலேற வேண்டிய காய்
காசிமேட்டு மீன்வாடையில் நின்று
தானாகப் பழுத்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
மேசைக்கு இந்தப் பக்கம் இஸ்மத்துல்லா பாய்:
"பதினாலு லட்சம் போச்சு.
லோடு போட்டவங்க பாதி ஏத்துக்கணும்."
அந்தப் பக்கம், ராத்திரி பஸ்ஸில் சின்னமனூரிலிருந்து
வந்து இறங்கிய ஒச்சப்பன்:
"தார வெட்டிக் குடுத்தேன். எட போட்டீக. எடுத்தீக.
ஒங்க ரோட்டுக்கு நான் எப்பிடிங்க பொறுப்பு?"
டீ வந்தது. ஆடை படிந்தது.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
சங்கம் ஒரே குரலில் பேச வேண்டுமாம்.

பேசியது.
தனி வரிசை கேட்டோம்.
வாசலருகே பன்னிரண்டு மின்இணைப்பு கேட்டோம்.
வெப்பநிலைப் பதிவை இணைத்திருந்தேன்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும்
ஜுரச் சீட்டு மாதிரி
கோடு ஏறிக்கொண்டே போகும் காகிதம்.
அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.
அப்படிப் பார்த்தால் ஜுரம் இறங்கியிருந்தது.
எழுந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழு மாதம், ஒன்பது நினைவூட்டல்.
தனி வரிசை பரிசீலனையில் இருக்கிறது.
இணைப்பு நான்கு கொடுத்தார்கள்.
மூன்றில் கரண்ட் வருகிறது.

யாரும் கேட்காத மனு ஒன்றும் எழுதினேன்.
பெறுநர்: இஸ்மத்துல்லா பாய்.
பொருள்: ஒச்சப்பன் கணக்கில் பிடித்தம்.
பார்வை: நீங்கள் என்னிடம் சொன்னது,
இன்ஷூரன்ஸில் பாதி வந்துவிட்டது என்று.
படித்தார். மடித்தார். சட்டைப்பையில் வைத்தார்.
இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
பிடித்த பணம் மூன்று தவணையாகத் திரும்பிப் போனது.
முழுசாக இல்லை.
ஒச்சப்பன் நன்றி சொல்லவில்லை,
சொல்லவும் வேண்டாம்.
அடுத்த வெட்டு எப்போது என்று மட்டும் போனில் சொன்னார்.

பொங்கலுக்குப் பலகையைப் புதுப்பித்தோம்.
மூலக்கொத்தளத்துப் பெயிண்டர் பையன்
ஏணியிலிருந்து கத்தினான்:
"நடுவுல இது எதுக்குக்கா? எடத்த அடைக்குது.
ஒரு கோடு இழுத்தா போதாது?"
அதைத் தொடாதே என்றேன்.
மற்றதை நெருக்கி எழுதச் சொன்னேன்.

நேற்று ராத்திரி போன் அடித்தது.
பின்னால் ஜெனரேட்டர் இருமும் சத்தம்.
விளக்கைப் போட்டேன்,
காகிதம் எடுத்தேன்.

பொருள்: நாலாவது இணைப்பு.
பார்வை: டிரைவர் கன்னியப்பன், இரவு ஒன்று நாற்பது.
ஐயா,