சிவப்புக் குழாய்

நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
தார் செருப்பில் ஒட்டும் பதினொரு மணி.
சீமெந்து ஏற்றிய நீள ரெயிலர்.
சாரதி அருள்நேசன் இறங்கவில்லை.
பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி
பாண் தின்றான்.

முன்வண்டிக்கும் ரெயிலருக்கும் நடுவில்
இரண்டு சுருள் குழாய்கள்.
மஞ்சள், மிதிக்கும்போது மட்டும் பேசும்.
சிவப்பு ஒன்றும் பேசாது,
நாள் முழுக்கக் காற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.
காற்று உள்ளவரை சக்கரத்துக்கு விடுதலை.
காற்றுப் போனால்
அறைக்குள் மடங்கிக் கிடந்த சுருள்வில் விரிந்து
இறுகப் பிடிக்கும்.
விதியில் இதற்கு அரை வரி:
இணைப்பு அறுந்தால்
இழுவை வண்டி தானாக நிற்றல் வேண்டும்.
பிரிவைப் பற்றி அரசாங்கம் எழுதியதில்
நான் நம்புகிற ஒரே வசனம்.

கொழுவியைத் திருப்பிப் பார்த்தேன்.
உள்ளே வளையம் நீலம்.
குளியலறைச் செருப்பின் நீலம்.
"புதுசு சேர். ஸ்ரான்லி றோட்டில
பெட்டி உடைக்காமல் வாங்கினது."
"கொழுவி புதுசு. வளையம்?"
பாணை விழுங்கினான்.

கடைக்குப் போன் எடுத்தேன்.
கமலரூபன் படித்தவன், என்னிடமே சட்டம் பேசினான்.
"உங்கட விதி வாகனத்துக்கு.
நான் வித்தது வாகனமில்லை, அலுமினியத் துண்டு.
பெட்டிக்குள்ள இருக்குமட்டும்
அது ஆரையும் கொல்லாது."

பிழை சொல்ல முடியவில்லை.
எத்தனையாவது திருகில்
ஒரு துண்டு வாகனமாகிறது?
என்னிடம் உள்ள தமிழ்ப் பிரதியில் அந்தப் பக்கம்
மை மங்கிய போட்டோக்கொப்பி.

"சிவப்பைக் கழற்று."
இறங்கினான். கழற்றினான்.
உஸ்ஸென்று நீண்டது,
சீமெந்துத் தூசு எழும்பி அவன் மயிரில் படிந்தது.
"இப்ப எடு."
நிற்கவேண்டிய ரெயிலர்
கயிறு கட்டிய ஆட்டுக்குட்டி போல
ஒரு பாகம் பின்னால் போனது.

அடியில் படுத்தேன்.
நாலு அறையிலும் சுருள்வில்லை
ஆணி போட்டுத் திருகி மடக்கியிருந்தது.
வளையம் கசியும், கசிந்தால் வண்டி நிற்கும்,
மாங்குளத்தில், முறிகண்டியில்,
சாமம் இரண்டு மணிக்கு, நடுறோட்டில்.
நின்று நின்று அலுத்துப்போய்
நிற்கிறதையே நிற்பாட்டிவிட்டான்.

"அது சும்மா சும்மா நிக்குது சேர்."

நான் முதுகுத் தூசைத் தட்டிக்கொண்டு
ஓடத் தகுதியற்றது என்று எழுதினேன்.
காபன் தாள் நழுவி
இரண்டாம் பிரதியில் எழுத்துக் கோணல்.
மழை வந்தால் சீமெந்துக்கு
ஆர் பொறுப்பு என்றான்.
அதற்கு விதி இல்லை.
அலுவலக ஜீப்பில் ஒரு தறப்பாள் கிடந்தது,
எடுத்துக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்க மறந்துபோனேன்.

பின்னேரம்.
நீல வளையம் காற்சட்டைப் பையில்.
கைதடிச் சந்தியில்
என்ர மோட்டார் சைக்கிள்
நான் நினைத்த இடத்தைத் தாண்டிப்போய் நின்றது.
முன் பிரேக்.
சித்திரையில் மாற்றவேண்டியது.