உள்பக்கம்

சீசனுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
சந்தூர் ரோட்டில் மாங்கூழ் ஃபேக்டரி,
இரண்டரை அங்குல எவர்சில்வர் குழாய்,
நூற்றுப் பதினாறு ஜாயிண்ட்.
ஜாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி.

பற்றவைத்த இடம்
வெளியே மீன் செதில் போல அடுக்கடுக்காய் நிற்கும்.
வருகிறவர்கள் விரலால் தடவி
'பிரமாதம்' என்று போவார்கள்.
கூழ் போவது
விரல் போகாத பக்கம்.

அங்கே ஆர்கான் நிறைய வேண்டும்.
இரு முனையிலும் டேப் ஒட்டி
ஓர் ஊசித் துளை மட்டும் விட்டு
உள்ளிருக்கும் காற்று முழுக்கக் கிளம்பும்வரை
உட்கார்ந்திருப்போம், நானும் திம்மராஜும்.
அவன் போனில் ஏலச்சீட்டுக் கணக்கு,
நான் சும்மா.
கொஞ்சம் காற்று தங்கினாலும் போச்சு,
உருகிய இடம் கறுத்துப் பொரிந்து
மணல் மணலாய்ப் பூக்கும்.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சர்க்கரை.
இனிப்பு ஓடும் வழியில்
இருக்கவே கூடாத சர்க்கரை.
அதில் கூழ் ஒட்டும், ஒட்டியது புளிக்கும்,
எந்த ஊரிலோ ஒரு டப்பா உப்பும்.

எழுபத்தொன்றாவதில்
பாதி வளையம் சுற்றி வரும்போது
மீட்டருக்குள் குண்டுமணிப் பந்து
சத்தமில்லாமல் கீழே உட்கார்ந்திருக்கிறது.
நான் முகமூடியைத் தூக்கிப் பார்த்தது
முழுச் சுற்றும் முடித்த பிறகு.
உள்ளே விடும் சிலிண்டர் காலி.
ஏஜாஸ் பாய் வண்டி இன்னும் பர்கூர் தாண்டவில்லை.
திம்மராஜ் போனை மடியில் கவிழ்த்தான்.

வெளியே வைக்கோல் தங்க நிறம்,
குறை சொல்ல வராது.
நூற்றுக்குப் பத்துதான் கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.
சூப்பர்வைசர் சாக்பீஸால் 71 என்று எழுதி
டிக் போட்டுச் சாப்பிடப் போனார்.

ராத்திரி கண்ணில் மணல்.
வெல்டருக்கு இது புதிதல்ல,
உருளைக்கிழங்குச் சீவலை இமைமேல் வைத்துப் படுத்தேன்.
படுத்தபடி அந்தக் குழாய்க்குள் போனேன்.
எழுபது வரை வழுக்கியது.

முதல் ஷிப்டுக்கு முன்னே போய் அறுத்தேன்.
ஒரு விரல் அகல வளையம்,
சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தது.
சாலா தன் அளவென்று கையில் ஏற்றினாள்.
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
'நல்லாத்தான் கீது.
உள்ள கீறுது.'

அறுத்த இடத்தில் துண்டு வைத்தால்
ஒன்றுக்கு இரண்டு ஜாயிண்ட்.
இரண்டுக்கும்
திம்மராஜ் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக நூற்றுப் பதினேழு.
கூலி
நூற்றுப் பதினாறுக்கு.