பத்துக்கு எத்தனை

புதுவயல் ரைஸ் மில்லில் இரவு ஷிஃப்டு.
பதினொன்றே காலுக்குக் கரண்டு போனது.
ஜெனரேட்டர் இருக்கிறது, டீசலும் இருக்கிறது,
டீசல் அறையின் சாவி மட்டும்
மேனேஜர் அடைக்கப்பனின் இடுப்பில்
காரைக்குடிக்குப் போயிருக்கிறது.

ஊறல் நெல் நாற்றம். மூட்டைகள் மேல் நாங்கள் ஐந்து பேர்.
செல்போன் டார்ச்சை நிமிர்த்தி வைத்து
வள்ளிக்கண்ணு ஆரம்பித்தாள்:
"இந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல்.
அவசரத்துக்குக் கடன் கேட்டால் தருமா?
பத்துக்கு எத்தனை?"

எட்டு, என்றேன் நான். முகமே கொடுக்கிற முகம்.
"நாலு காலும் ஆடுது, அதுவே எங்கேயோ வட்டி கட்டுது"
என்று இரண்டு போட்டார் செபஸ்தி.
லல்லன், "ஆறு."
பீகார்ப் பையனுக்குத் தமிழில் ஆறு வரைதான் எண்ணத் தெரியும்.
அவன் ஆறு நம்ம பத்து என்று
அங்கேயே பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டோம்.

விளக்குமாறு: எழவு வீட்டில் சிரிக்காமல் இருக்குமா?
ஏகமனதாகப் பத்து.
தூக்குச் சட்டி: சம்பந்தி சண்டையில் யார் பக்கம்?
மூடி மாப்பிள்ளை வீடு, சட்டி பெண் வீடு என்று
பிரித்து மார்க் போடும்படி ஆகிவிட்டது.
கைப்பிடிக்கு ஒன்றும் இல்லை. அது புரோக்கர்.

செபஸ்தியின் இடது செருப்பு:
துபாய்க்கு அனுப்பினால் ஊரை மறக்குமா?
அது அவருடையதே இல்லை,
கண்டனூர்க் கல்யாணத்தில் மாறி வந்தது,
ஏற்கெனவே அயலூரில்தான் பிழைக்கிறது என்றான் சோணைமுத்து.
செபஸ்திக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பிறகு என் சாக்கு ஊசி.
ரகசியம் காக்குமா?
"மூணு. காது இருக்கே, எல்லாம் கேட்டுக்கிடும்."
விடுவேனா?
காது இருக்கிறது ஐயா, வாய் எங்கே இருக்கிறது?
இந்த மில்லில் அப்படி யார் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்.
அப்பீலில் ஒன்பது வாங்கினேன்.

லல்லன்தான் டார்ச்சை எடுத்து
மூலையில் இருந்த எடை மெஷின் மேல் அடித்தான்.
வள்ளிக்கண்ணு யோசிக்காமல் கேட்டுவிட்டாள்:
"முதலாளிக்காகப் பொய்ச்சாட்சி சொல்லுமா?"

யாரும் விரலை நீட்டவில்லை.
மூட்டைக்கு அறுநூறு கிராமை மறந்துபோகிற மெஷின் அது.
நெல் கொண்டுவருகிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.
சோணைமுத்து இல்லாத கொசுவை அடித்தான்.

"பத்து."

குரல் கேட் பக்கமிருந்து வந்தது.
அடைக்கப்பன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்,
சாவிக்கொத்தை வெளிச்சத்தில் போட்டார்.
"இதுக்கு எத்தனை?"

எதற்கு எத்தனை என்று சொல்லாமல் கேட்டால்
மார்க் போடுவது எப்படி?
லல்லன் தலையைச் சொறிந்து கேட்டான்:
"லேட் வருமா?"

ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில்
கூரையிலிருந்து ஒரு புறா கிளம்பிப் போனது.
"ஏழு" என்றான் லல்லன்.
எங்கிருந்து பிடித்தானோ அந்த ஏழை.
ஆறே பத்து என்றால் ஏழு எவ்வளவு என்று
செபஸ்தி கணக்குப் போட ஆரம்பித்தார்.

அடைக்கப்பனும் சிரித்தாரா, டார்ச் அவர் முகத்தில் இல்லை.
சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.
சமயம் பார்த்து செபஸ்தி,
"ஐயா, ஒரு ஐந்நூறு அட்வான்ஸ்..."

அவர் திரும்பவில்லை.
கை மட்டும் பின்னால் ஸ்டூலைக் காட்டியது.
"அதுகிட்டக் கேளு.
எட்டு வாங்கியிருக்கே."