ஏழரை மணிக் கூட்டம்

முதல் கூட்டம் ஜுஃபைரில், ஒரு வில்லாவின் மாடியில்.
செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை யாரும்.
நானாகக் கழற்றிவிட்டு
கம்பளத்தின் ஓரத்தில் கால்விரல்களை ஒளித்து உட்கார்ந்தேன்.
ஒரு வெள்ளைக்காரர், ஒரு பிலிப்பினோ நர்ஸ்,
டை கட்டிய ஒருவர், இன்னும் நாலைந்து பேர்.
பெயரைச் சொன்னார்கள்.
அடுத்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள்,
பிளம்பர், வெல்டர் என்பதுபோல
சாதாரணமாக.
என் முறை.
பெயரைச் சொன்னேன். பிறகு
"ஏசி டெக்னீஷியன்" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் மறுவாரமும் போயிருப்பேன்.

இரண்டாவது மலையாளக் கூட்டம்,
மனாமாவில் ஒரு கோல்டு ஸ்டோரின் பின்கட்டில்.
வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பத்து நாற்காலி, சுலைமானி டீ.
முக்கால்வாசி புரிந்தது.
புரியாத கால்வாசியில்தான் அவர்கள் அழுதார்கள்.
நான்கு வெள்ளி போனேன்.
ஐந்தாவது வியாழன் சம்பளம் வந்துவிட்டது.

சல்மாபாத் கேம்ப்பில் இந்தியில் ஒன்று நடக்கிறதென்றார்கள்.
வாசல்வரை போனேன்.
உள்ளே, எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தது
எங்கள் ஃபோர்மேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
திங்கட்கிழமை டக்ட் ஏற்றும்போது
முதன்முறையாக அவர் திட்டியது எனக்குக் கேட்கவே இல்லை.

அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று
மேல் கட்டிலில் படுத்து யோசித்தேன்.
குடிகாரன்.
மகளின் காதுகுத்தில்
மச்சினன் மைக்கை அணைக்க மறந்து சொன்னது.
குடிநோயாளி என்று போட்டிருந்தது
மலையாளக் கூட்டத்துச் சாஜன் தேடித் தந்த தாளில்.
நோயாளி என்றால்
ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு யாராவது பார்க்க வருவார்கள்.
என்னைப் பார்க்க வந்தது
போலீஸ் ஒருமுறை,
வட்டிக்காரர் பலமுறை.

தாளின் பின்பக்கம் பேனாவில் ஒரு நம்பர்.
மூன்று நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்தும்விட்டேன்.
ஆறா எட்டா என்று தெரியாத ஓர் இலக்கம்.
எட்டு போட்டேன், ஒரு பாகிஸ்தானி சலூன்.
ஆறு போட்டேன்.
"ஓம், தமிழ்க் கூட்டம் இருக்கு. சித்ராவில.
வெள்ளி பின்னேரம் ஏழரைக்கு."
ஏழரையா?
"எங்கட ஆக்களுக்கு வேற எது பொருந்தும்?"

பஸ் இறங்கி இருபது நிமிட நடை.
காற்றில் உப்பும் டீசலும்.
லாரிகள் நிற்கும் மண்தரையில்
ஒரு டாங்கரின் நிழலில், கவிழ்த்துப் போட்ட
இரண்டு பெயின்ட் வாளி.
ஒன்றில் அவர்.
மட்டக்களப்புக்காரர், பெயர் குணசீலன்,
ஓட்டுவது குடிநீர் வண்டி.
அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

மற்றவர்கள் எங்கே என்றேன்.
"நீங்க வந்திருக்கீங்க."
போன வாரம்?
"போன கிழமை நான் மட்டும்."
அதற்கு முன்?
"அஞ்சு மாசம்.
நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிச்சன்."
இரண்டாவது வாளியையும் ஒவ்வொரு வெள்ளியும் போட்டீர்களா என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
அதில் ஈரத்துணியால் துடைத்த தடம் இருந்தது.

ஏழரை ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து,
தொண்டையைச் செருமி,
நூறு பேருக்குச் சொல்வதுபோல
பெயரும் சொல்லும் சொன்னார்.
குடிகாரன்.
அவர் ஊர் உச்சரிப்பில் அது
யாரும் யார்மேலும் எறியாத சொல்லாக இருந்தது.

இப்போது நான்.
பெயர் வந்தது.
பிறகு, கம்ப்ரஸர் நின்றுபோன அறை மாதிரி
ஒரு புழுக்கம்.
"ஏசி டெக்னீஷியன்" என்றேன்.

குணசீலன் சிரித்தார்.
இருமல் வரும்வரை, வாளி சாயும்வரை சிரித்தார்.
"சரி, அதுவும் ஒரு வருத்தம்தான்" என்றார்.

அந்தச் சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை.
முடிக்கும்போது எட்டரை. கடைசி பஸ் போயிருந்தது.
டாங்கரிலேயே ஏற்றி வந்து கேம்ப் வாசலில் விட்டார்.
வால்வு சரியில்லாத வண்டி.
வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.